எண்ணெய் விடும் ஓட்டை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் சமாசாரம். நான் படித்த படிப்புக்கு எட்டாத விஷயம். பள்ளிக்கூடம் என்னைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எங்கேயாவது ஒன்றை மாற்றிச் சொன்னால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் தம்பியின் பக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. அவன் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். அவன் மனைவி சொன்னதையும் சொல்கிறேன். நானே கண்ணால் பார்த்ததும் கொஞ்சம் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், தம்பி மனைவி சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

தம்பிக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் தொழில். தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. மோட்டாரின் மேல் கையை வைத்தால் போதும், அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் உலகத்தில் கரண்ட் குடிக்கிற எல்லாமே மோட்டார்தான் என்பது அவன் கொள்கை. அங்கேதான் கோளாறு. அவன் சர்வீஸ் செய்த மிக்சி, மூடியைத் திறந்தால்தான் சுற்றும். அவன் சர்வீஸ் செய்த இஸ்திரிப் பெட்டி கைப்பிடியில் மட்டும் சுடும். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மாட்டினான். அது போன நேரத்தைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனது. தெருவில் அவனுக்கு ‘சர்வீஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கையில் ஸ்க்ரூடிரைவரோடு அவன் வாசலில் தெரிந்தால், பக்கத்து வீடுகளில் சாமான்களை எடுத்து உள்ளே வைப்பார்கள்.

அவன் மனைவி சலவைக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிற துணியை வாங்கிப் பார்த்து மூட்டை கட்டும் மேசை அவளுடையது. ஆண்கள் சட்டையைத் தந்தால் அவள் பைக்குள் கையை விடமாட்டாள். பையின் மேல் உள்ளங்கையை வைப்பாள். “வேற ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அவ்வளவுதான். எதிரே நிற்கிறவர் சாவியை எடுப்பார், சீட்டை எடுப்பார், அப்புறம் அவள் கேட்காத கதையெல்லாம் அவராகவே எடுத்து வைப்பார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த மேசை முன்னால் கண் கலங்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இவர்களுக்கு ஒரே மகள். வேலை கிடைத்து வெகுதூரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது பழைய கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், தவழ்ந்தது, நடந்தது, பல் விழுந்தது, எல்லாம் அதற்குள்தான். தம்பி மாமியாரின் குரலும் அதற்குள்தான். அந்த அம்மா தவறிப்போய்விட்டார். மனைவி வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அம்மாவின் பேச்சைக் கேட்பாள். அதற்கப்புறம்தான் அடுப்படிக்குப் போவாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் தம்பி டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். அவள் துண்டை மடித்துக்கொண்டே, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“நேத்து தூக்கத்துல பேசினீங்க.”

“நானா? என்ன பேசினேன்?”

“நிறைய.”

“நிறையன்னா?”

“எல்லாம்தான்.”

ரொட்டி டீக்குள் விழுந்து முழுகிப்போனது. அவன் அதைத் தேடவில்லை. அவளோ துண்டின் நாலு மூலையையும் சரிபார்த்து வைத்துவிட்டு, பேசியதைப் போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அண்ணி வரும்போது எல்லோரும் உட்கார்ந்து கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அண்ணி என்றால் நான்தான், அவனுடைய அக்கா.

மடியில் கனம் இல்லாதவனுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது? தம்பியின் மடியில் ஒரு வண்டிச் சுமை இருந்தது.

டாக்டர் அவனை இனிப்புப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவன் பட்டறையில் ஓடாத மோட்டார் ஒன்றின் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு கேக் துண்டு இருக்கும். அது சின்ன விஷயம். அலமாரியின் ஆளுயரக் கண்ணாடி உடைந்ததே, எதிர் வீட்டுப் பூனை பாய்ந்ததால்தான் உடைந்தது என்று அவன் சொல்லியிருந்தான். பூனை பாயவில்லை, அவன் தூக்கிவந்த ஏணிதான் பாய்ந்தது. அந்தப் பூனையால் எதிர் வீட்டுக்காரியோடு மனைவிக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இதையும் ஒருமாதிரி சமாளித்துவிடலாம். ஆனால் அடியில் கிடந்த மூட்டைதான் கல் மாதிரி கனத்தது.

மகள், அம்மாவைத் தன்னோடு வந்து சில மாதம் தங்கச் சொல்லி அப்பாவிடம் போனில் கேட்டிருந்தாள். அவன் உடனே, அம்மாவுக்கு நீண்ட பயணம் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, நீ நேரில் கேட்டால் மறுக்கவும் முடியாமல் வரவும் முடியாமல் தவிப்பாள், கேட்காதே என்று சொல்லிவிட்டான். இந்தப் பக்கம் மனைவியிடம், பிள்ளை இருக்கிற இடம் ரொம்பச் சின்னது, கூட இன்னொரு பெண்ணும் தங்கியிருக்கிறாள், நீ வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குச் சங்கடம், நீயாக எடுக்காதே என்று சொல்லிவைத்தான். அம்மா மகள் மனம் நோகக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. மகள் அம்மா மனம் நோகக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு பாசத்துக்கும் நடுவில் இவன் மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேறொன்றுமில்லை, அவனுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. தனியாக ஒரு வீட்டில் இருந்தே பழக்கமில்லை.

இது தெரிந்தால் அவள் போவாள். கோபத்தோடு போவாள். சில மாதம் என்பது எத்தனை மாதமாகும் என்று யாருக்குத் தெரியும்? 

கம்ப்யூட்டரைப் போட்டான். உள்ளே அறைக்குள் அறை, பெட்டிக்குள் பெட்டி. பதிவை எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடித்தேடி மூச்சு முட்டியது. கடைசியில் தொழில்காரன் புத்தி வேலை செய்தது. தண்ணீரைத் தேடி ஏன் அலைய வேண்டும், தொட்டியையே கழற்றிவிட்டால்? ஞாயிறு போகட்டும், அப்புறம் மாட்டிவிடலாம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். படமும் குரலும் சேர்த்து வைக்க மகள் தனியாக மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க் அவன் கண்ணில் பட்டது. சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிமிட்டுகிறவரைக்கும் பொறுக்க வேண்டும் என்பதோ, கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும் என்பதோ அவனுக்குத் தோன்றவில்லை. பிடித்து இழுத்தான்.

உள்ளே ஏதோ கீறுகிற சத்தம் கேட்டது. எலி ஒன்று ஒரே ஒரு தடவை பல்லைக் கடித்தது மாதிரி இருந்தது என்றான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, இதற்குள் தன் தூக்கப் பேச்சு மட்டுமா இருக்கிறது? மகள் இருக்கிறாள். மாமியார் இருக்கிறார். பதறிப்போய்த் திரும்ப மாட்டினான். டக், டக், டக் என்றது. திரையில், இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்துவிடவா என்று ஒரு கேள்வி வந்தது. ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவது என்று அவனுக்குத் தெரியாது. புரியாத எதற்கும் வேண்டாம் என்று சொல்வது அவன் பழக்கம். வேண்டாம் என்று அமுக்கினான். அந்தப் பழக்கத்தால் குடும்பத்துக்கு ஒரு நன்மை உண்டானது அந்த ஒரு தடவைதான்.

டக் டக் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டான். பேரிங் போச்சு என்று முடிவு செய்தான். அவனுக்கு எல்லாமே பேரிங்தான். பிரித்துப் பார்க்கலாமென்றால் திருகாணிகளின் தலையில் நட்சத்திரம் மாதிரி பள்ளம். அவனுடைய ஸ்க்ரூடிரைவர் எதுவும் உள்ளே போகவில்லை. ஒரு திருகாணியை அரத்தால் ராவிப் பார்த்ததில் அதன் தலைதான் மொட்டையானது. அந்த நட்சத்திரம் மட்டும் இல்லாவிட்டால் அதையும் மிக்சி மாதிரி மூடி இல்லாமல் சுற்ற விட்டிருப்பான்.

திருப்பித் திருப்பிப் பார்த்தபோது மூடியின்மேல் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு மூன்று சொல். எழுத்துக் கூட்டிப் படித்தான். இந்த ஓட்டையை மூடாதே என்று இருந்தது. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எந்த மோட்டாராக இருந்தாலும் மேலே ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள், எண்ணெய் விடுவதற்கு. மூடாதே என்று வேறு எழுதி வைத்திருக்கிறான், இதற்குமேல் ஒருவன் எப்படிச் சொல்வான்? தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஒரு சொட்டு விட்டான். போதாது என்று இன்னொரு சொட்டும் விட்டான்.

டக் டக் சத்தம் குறையவில்லை. கொஞ்சம் வழுக்கிக்கொண்டு கேட்டதாம், அவ்வளவுதான்.

பிறகு பட்டறைக்கு வருகிற யாரோ, இதையெல்லாம் ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று சொல்லியிருக்கிறார்கள். தன் வீட்டு ஃப்ரீசரில் வைக்க முடியாது, மனைவி பார்த்துவிடுவாள். நேராக என் வீட்டுக்கு வந்தான். நலம் விசாரித்தான். என் வீட்டில் தண்ணீர் குடிக்கவே கூச்சப்படுகிறவன், தானாகவே ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் மீன் எடுக்கப் போனேன். மீன் பொட்டலத்தை ஒட்டி இன்னொரு பொட்டலம். பிரித்தால் உள்ளே ஒரு இரும்புத் துண்டு, பனி பூத்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் என்னத்தையோ கொண்டுவந்து வைத்துவிட்டானே, வெடித்துத் தொலைக்குமோ என்று பொட்டலத்தைத் திரும்ப மீனோடு ஒட்டிவைத்துவிட்டு, பிள்ளைகளை அடுப்படிக்கு வராதீர்கள் என்று விரட்டினேன்.

அவனைக் கூப்பிட்டு விட்டேன். வந்தவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தான். அதனால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது. கேட்கக் கேட்க எனக்கு வாய் மூடவில்லை. கேக் என்றான், சரி. ஏணி என்றபோது தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பூனைக்காக நானும் போய் எதிர் வீட்டுக்காரியிடம் கத்திவிட்டு வந்திருக்கிறேன். மகள் விஷயம் வந்தபோது நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

“போய்ச் சொல்லிடுடா” என்றேன்.

“சொல்லிட்டா அவ போயிடுவா அக்கா.”

“போகட்டுமே. அவ பிள்ளையைப் பாக்கத்தானே போறா.”

“அப்ப நான்?”

அந்தக் கேள்வியில் தொப்பை விழுந்த என் தம்பி இல்லை. சின்ன வயதில் அம்மா கடைக்குப் போகும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுத பயல் இருந்தான். அவன் என்னிடம் சத்தியம் வாங்கினான், வாயைத் திறக்கக் கூடாதென்று. சத்தியம் செய்தேனே தவிர, அவளுடைய அந்த ஒரே கேள்வி என் பக்கம் திரும்பினால் என் கதி என்னவென்று அப்போதிருந்தே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். சர்வீஸ் என்ற சொல்லைக் கேட்டால் அவள் வழக்கமாகத் தலையில் கை வைப்பாள். இந்தத் தடவை “சரி” என்று மட்டும் சொன்னாளாம். அந்தச் “சரி” அவனை ராத்தூக்கம் தூங்கவிடவில்லை. தூங்கினால் இன்னும் எதையாவது உளறிவிடுவோமோ என்று வேறு பயம். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தான். பல் வலியா என்று கேட்டாள். தலையை ஆட்டினான். மறுநாள் பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். துணியை அவிழ்த்துவிட்டான்.

அழிந்த தகவலை மீட்டுக் கொடுக்கிற கடை ஒன்று செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என்று விசாரித்துப் போனான். குறுகிய படிக்கட்டு, கண்ணாடிக் கதவு. உள்ளே நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டிஸ்க்கைக் கையில் வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“மீன் வாசனை வருதே சார்.”

“பக்கத்துல வெச்சிருந்தோம்.”

“எதுக்குப் பக்கத்துல?”

“மீனுக்கு.”

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். மொட்டையான திருகாணியைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள்.

“இதுல யார் சார் எண்ணெய் விட்டது?”

“எண்ணெய் விட்டிருக்கா?” என்றான் தம்பி, தன் காதுக்கே கேட்காத குரலில்.

“இது சுவாசிக்கிற ஓட்டை. உள்ள தகடு சுத்தும், அதுக்கு மேல ஒரு முள்ளு படாம பறந்துக்கிட்டே படிக்கும். நடுவுல ஒரு தலைமுடி போற இடம்கூட இல்லை. காத்து வந்து போகத்தான் இந்த ஓட்டை. நீங்க அது மூக்குல எண்ணெய் விட்டிருக்கீங்க.”

“நான் இல்லைம்மா. வேற ஒருத்தர். நல்ல தொழில்காரர்.”

ஓட்டைக்கு உள்ளே பஞ்சு மாதிரி ஒரு வடிகட்டி இருப்பதாகவும், அது எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தால் பிழைக்க வழி உண்டு, தகட்டில் இறங்கியிருந்தால் இல்லை என்றும் அவள் விளக்கினாள். தூசியில்லாத அறையில் வைத்துத்தான் திறக்க வேண்டும், இதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் முள்ளை எடுத்து இதற்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். முதலில் எது முக்கியம் என்று கேட்டாள். டிஸ்க் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம், அதனால் அதிகம் வேண்டியதை முதலில் எடுத்துவிடுவார்களாம்.

“எல்லாம் வேணும்” என்றான் தம்பி. “ஒண்ணு மட்டும் வேண்டாம்.”

அவள் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். “இங்க வர்றவங்க, எல்லாம் போனாலும் பரவாயில்லை, அந்த ஒண்ணு மட்டும் கிடைச்சாப் போதும்னு அழுவாங்க. நீங்க தலைகீழா கேக்கறீங்க. அது என்ன?”

“ஒரு ஆம்பளை பேசறது.”

“என்ன பேசறது?”

“அதுதான் தெரியலை.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல பெண்.

இரண்டு தடவை நடையாக நடந்தான். மூன்றாம் தடவை போனபோது, பஞ்சு எண்ணெயைக் குடித்துக்கொண்டது, கிட்டத்தட்ட எல்லாம் கிடைத்துவிட்டது, தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதியைத்தான் படிக்க முடியவில்லை என்றாள். தம்பிக்கு அவள் காலில் விழலாம்போல் இருந்தது. ஆனால் இன்னொரு சிக்கல். மீட்டெடுத்தவற்றுக்குப் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்கள். எந்த ஒலி யாருடையது என்று திறந்து கேட்டால்தான் தெரியும். வேண்டாத அந்த ஒன்றை அவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகக் கேட்டான். குழந்தையாக இருந்தபோது மகள் பாட்டுப் பாடி, பாதியில் மறந்து, தும்மினாள். மாமியார் யாருக்கோ சொன்னார்: “மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா அவர் கையில எதையும் குடுத்துடாதே.” செத்தும் விடவில்லையே என்று தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்னொன்றில் மகள் மழலையில் கேட்டாள், “அப்பா எங்கம்மா?” மனைவியின் குரல், ரொம்ப இளசான குரல், சொன்னது: “அப்பா மோட்டாரைப் பிரிச்சுக்கிட்டு இருக்காரு. வருவாரு. நம்மை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டாரு.”

அதை மட்டும் அவன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். கடைக்காரப் பெண், கிடைத்துவிட்டதா என்று கேட்டாளாம். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

கடைசி எண் வரைக்கும் கேட்டாயிற்று. அவன் தூக்கப் பேச்சு எதிலும் இல்லை. அப்படியானால் அது அந்தப் படிக்க முடியாத ஓரத்தில் செத்திருக்கும் என்று சந்தோஷப்பட்டான். படிக்கட்டில் பாதி இறங்குவதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. பதிவு செய்தது போனில் என்றாளே. போனில் இன்னும் இருக்குமே. அட, அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாளே. டிஸ்க் செத்தால் என்ன, பிழைத்தால் என்ன, அவள் காது உயிரோடுதானே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன், போகாவிட்டால் அதையே கேட்பாளோ என்று போனேன். மேசையில் டீ வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாத அலமாரி பல் விழுந்த வாய்போல் எதிரே நின்றது. தம்பி புது டிஸ்க்கை மாட்டிப் படங்களைக் காட்டினான். மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பல் விழுந்து சிரித்தாள். மாமியார் பேசினார். மனைவி கண்ணை மூடிக் கேட்டாள். தம்பி தன் கையாலேயே தன் தோளைத் தட்டிக்கொண்டான். கடைக்காரப் பெண் சொன்னதாக, முக்கியமானதை எப்போதும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்று பெரிய மனிதன்போல் உபதேசமும் செய்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். பழைய டிஸ்க் மேசைமேல் கிடந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள், சட்டைப் பைமேல் வைக்கிற மாதிரியே.

“வேற ஏதாவது இருக்குங்களா?”

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

“கேக்தான்” என்றான் தம்பி. “அந்த ஓடாத மோட்டாருக்குள்ள வெச்சிருப்பேன். தினமும் இல்லை. தினமும்தான்.”

“ம்” என்றாள்.

அந்த “ம்” போதாதா? பூனை அப்பாவி என்றான். ஏணி என்றான். அவள் திரும்பி அலமாரியைப் பார்த்தாள், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். கை டிஸ்க்கைவிட்டு நகரவில்லை. தம்பிக்கு வியர்த்து வடிந்தது. நிறுத்தடா என்று மேசைக்கு அடியில் காலால் இடித்தேன். இடித்தது மேசைக் காலை.

“பொண்ணு உன்னை வரச் சொன்னா” என்றான். “வந்து தங்கச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டா. நான்தான் உனக்குப் பயணம் ஆகாதுன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட இடம் இல்லைன்னு சொன்னேன். இடம் இருக்கு. உனக்குன்னு ஒரு கட்டிலே வாங்கிப் போட்டிருக்கா. நீ போயிட்டா நான் எப்படி இருப்பேன்னுதான்.”

டிஸ்க்கின் மேலிருந்த கை மெதுவாக எழுந்து அவள் வாய்க்குப் போனது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எதைக் கேட்டாலும் துண்டை மடிக்கிற முகம், வெளுத்துப்போயிருந்தது.

“கூப்பிட்டாளா?” என்றாள். “என்னைக் கூப்பிட்டாளா அவ?”

தம்பி திகைத்தான். “நான் தூக்கத்துல சொன்னதுதானே. நீதான் பதிவு பண்ணி வெச்சிருக்கியே.”

“என்ன பதிவு?”

“நான் பேசினது.”

“நீங்க தூக்கத்துல என்னைக்குங்க பேசினீங்க? உங்க குறட்டைக்கு நடுவுல பேச்சு எங்க நுழையும்?”

சட்டைப் பையில் கேக் தூள் இருந்ததாம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. டாக்டரிடம் போகும்போதெல்லாம் இனிப்பைத் தொடுவதே இல்லை என்று இவன் சாதிக்கிறானே, அவன் வாயாலேயே உண்மையை வாங்கி டாக்டர் காதில் போடலாம் என்று ஒரு கல்லை எறிந்து பார்த்திருக்கிறாள். கேக்குக்கு எறிந்த கல்லில் கண்ணாடியும் பூனையும் கட்டிலும் விழுந்தன. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்கள். இவன் அந்தக் குதிர் முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்துவிட்டான்.

தம்பிக்கு எல்லாம் விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இல்லாத ஒன்றை ஒளிக்கப் போய் இருந்ததை உடைத்து, உடைத்ததன் மூக்கில் எண்ணெய் விட்டு, மீனோடு படுக்க வைத்து, காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேடியிருக்கிறான். தேடியது உலகத்திலேயே இல்லை.

“அப்ப ஒண்ணுமே பதிவாகலையா?” என்றான்.

அவள் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த போனைத் திருப்பினாள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

“இப்பதாங்க ஆகுது.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கேள்வியை அவள் எடுப்பதற்குள், ஃப்ரீசர், மீன், சத்தியம் எல்லாவற்றையும் நான் கொட்டிவிட்டேன். பூனைக்காகக் கத்தப் போனதும் அவள் சொல்லி இல்லை, நானாகத்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மீனை எடுத்து எறிந்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே எதிர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மகளுக்குப் போன் செய்தாள். போனின் இரண்டு முனையிலும் அழுகைச் சத்தம்தான் கேட்டது. நடுவில் தம்பி, நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். அங்கே ஒரு கட்டில்தான் இருக்கிறது, இடம் ரொம்பச் சின்னது என்று மகள் சொல்லிவிட்டாள். அம்மா கற்றுக்கொடுத்தாளோ, தானாகவே வந்ததோ, தெரியாது.

அவள் மகளிடம் போய்விட்டாள். தம்பி முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைப் பாத்திரம் கருகியபிறகு புரிந்துகொண்டானாம். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “நம்மை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டாரு” என்று மனைவி சொல்வதைப் போட்டுக் கேட்கிறான். போனில் அவளிடம், நீ எப்ப வருவ என்று கேட்டால், “சரி” என்கிறாளாம்.

கிளம்புவதற்குமுன் அவள் என் வீட்டுக்கு வந்தாள். தம்பி அன்றைக்குப் பேசியதை மகளிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாக இரண்டு இடத்தில் வைக்கப்போகிறாளாம். அவன் செய்த உபதேசம்தானே என்றாள். பெருவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அலமாரியில் வைத்தேன், எடுத்தேன். அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன், தோண்டினேன். தம்பி இப்போது சாப்பாட்டுக்கு அடிக்கடி என் வீட்டுக்கு வருகிறான், எங்கே வைத்தாலும் அவன் கைக்கு எட்டும் தூரம்தான். விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்லவேளையாகப் பார்த்தேன். வளையம் மாட்டுவதற்கு அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

பிளாஸ்திரி போட்டு மூடிவிட்டேன்.